முப்பத்தோராம் நாள் எழுத்தாளர்

உலகத்தில் எத்தனையோ விதமான எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். பதிப்பாளருக்காகக் காத்திருப்பவர்கள், பரிசுக்காகக் காத்திருப்பவர்கள், பிள்ளைகள் நித்திரையாவதற்காகக் காத்திருப்பவர்கள். ஆனால் தன்னுடைய அடுத்த அத்தியாயம் அச்சேற வேண்டுமென்றால் ஊரில் யாராவது சாகவேண்டும் என்று காத்திருந்த எழுத்தாளர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரை நாங்கள் மலைமுயல் என்று கூப்பிடுவோம். அப்படிக் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அவர் எங்களைத் திருத்துவார்.

"முயல் இல்லை. முயல் வேறை குடும்பம். உது எலிச் சாதிச் சின்சில்லாவின்ரை சொந்தக்காரன். விஸ்காச்சா. மலை விஸ்காச்சா. எங்கை, ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

நாங்கள் சொல்லமாட்டோம். சொல்லிவிட்டால் அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார் என்ற பயம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசா. முன்பக்கம் மரக்கறிக் கடை, அதற்கு அடுத்தது வீடியோ கசெற் கடை, இரண்டுக்கும் பின்னால், சாமான் இறக்கும் கதவுக்குப் பக்கத்தில் எங்கள் அச்சகம். முதலாளி ஒருவர், அச்சு இயந்திரம் ஒன்று, தமிழ் தெரிந்த கணினி ஒன்று, அந்தக் கணினிக்கு முன்னால் நான். கலியாண அழைப்பிதழ், சாமத்தியச் சடங்கு அழைப்பிதழ், கடைத் திறப்பு நோட்டீசு எல்லாம் அடித்தோம். ஆனால் எங்களுக்கு உண்மையில் சோறு போட்டவர்கள் இறந்தவர்கள்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தவர் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுவதோடு கையில் ஒரு நினைவு மலரும் கொடுக்க வேண்டும். அட்டையில் இறந்தவரின் படம். உள்ளே திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், பக்திப் பாடல்கள், கடைசியில் நன்றி நவிலல். எவ்வளவோ சாமான்களை ஊரில் விட்டுவிட்டு ஓடிவந்த சனம், இந்த வழக்கத்தை மட்டும் ஒரு கீறல்கூட விழாமல் கனடாவுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. தமிழ் எழுதத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காகப் புலம்பலை நான்தான் எழுதுவேன். இரண்டு வருடத்தில் முப்பது நாற்பது அப்பப்பாக்களுக்காகக் கதறியிருக்கிறேன்.

இதில் ஒரு தொழில் சிக்கல் இருந்தது. தாளை மடித்துக் கம்பி அடிப்பதால் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும். ஒரு குடும்பத்தின் துயரம் அப்படி நான்கு நான்காக வருவதில்லை. இருபத்தொன்பது பக்கத்தில் புலம்பி முடித்துவிடுவார்கள், மூன்று பக்கம் மிஞ்சி நிற்கும். வெறும் பக்கமாக விட்டால், 'தேப்பனுக்கு எழுத மூண்டு பக்கத்துக்கு விசயமில்லாமல் போச்சோ' என்று சொந்தக்காரர் கதைப்பார்கள். ஆகவே எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். முதலாளி வழக்கமாகப் போடுவது 'நீரிழிவுக்காரர் தவிர்க்க வேண்டிய உணவுகள்' என்ற பட்டியல். அதை ஒருமுறை, நீரிழிவால் கால் எடுபட்டு இறந்த ஒருவரின் மலரில் போட்டுவிட்டோம். அவருடைய தம்பி வந்து கத்திய கத்தலில் மரக்கறிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த கிழமைதான் மலைமுயல் எங்கள் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் காலை வேலை. மூன்று மணிக்கு வேலை முடிந்து நேரே வந்திருந்தார். காதை மூடும் தொப்பி, கட்டிக் கண்ணாடி, மீசையில் மா. வயது நாற்பதுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். கையில் பத்து நீலநிறக் கொப்பிகள்.

"புத்தகம் ஒண்டு அடிக்க வேணும்," என்றார்.

"ஆர் செத்தது?" என்றார் முதலாளி.

"ஒருத்தரும் சாகேல்லை. உது உயிரோடை இருக்கிற மிருகம் ஒண்டைப் பற்றினது."

முதலாளி முதல் கொப்பியை விரித்தார். உள்ளே மணிமணியான எழுத்தில் 'மலை விஸ்காச்சா: வாழ்வும் பழக்கமும், பாகம் ஒன்று' என்றிருந்தது. முதலாளி கொப்பியை மூடினார்.

"தம்பி, ரொறன்ரோவிலை உதை ஆர் வாசிப்பினம்?"

"ரொறன்ரோவிலை வாசிக்க வேணும் எண்டில்லை அண்ணை. தமிழிலை இருக்க வேணும். அவ்வளவுதான்."

முதலாளி அவரை அனுப்பிவிட வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து நான், "அண்ணை, நாளைக்குக் குடுக்கிற மலரிலை மூண்டு பக்கம் மிஞ்சுது," என்று சொல்லித் தொலைத்தேன். முதலாளி என்னைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், பிறகு மலைமுயலைப் பார்த்தார்.

"உந்த மிருகத்துக்கு நீரிழிவு ஏதும் வாறதோ?"

"இல்லை."

"அப்ப சரி."

இப்படித்தான் தென்னமெரிக்க மலைகளில் வாழும் ஒரு கொறிக்கும் பிராணி, சாவகச்சேரி வட்டாரத்து மூதாட்டி ஒருவரின் நினைவு மலரில், பேரப்பிள்ளைகள் புலம்பலுக்கும் நன்றி நவிலலுக்கும் நடுவில் வந்து குந்தியது.

ஒரு யாழ்ப்பாணத்துக்காரருக்கும் அந்தப் பிராணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று அவரைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன், வழியில் பொலிவியாவில் ஒரு மலை ஊரில் இறக்கி, 'வாற கிழமை பிளேன்' என்று சொல்லிவிட்டுப் போனானாம். அந்தக் கிழமை வருவதற்குப் பதினான்கு மாதம் பிடித்தது. மேகத்துக்கு மேலே இருக்கும் ஊர். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். பாஷை தெரியாது, கையில் இருந்த பாஸ்போட்டில் இருந்த பெயரும் முகமும் வேறு யாருடையதோ. அறைக்குப் பின்னால் ஒரு கல்மதில். காலையில் அதில் போய்க் குந்துவார். எதிரே பாறைகள். வெயில் விழுந்ததும் பாறை இடுக்குகளுக்குள் இருந்து அவை ஒவ்வொன்றாக வெளியே வரும்.

"வந்து என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"என்னைப் போலை குந்தியிருக்கும்," என்றார்.

அவருடைய எழுத்து நன்றாகவே இருந்தது. அதுதான் எங்களுக்கு ஆச்சரியம். 'இதன் முகத்தைப் பார்ப்பவர்கள், பாவம், மூன்று நாளாக உறங்கவில்லைப் போலும் என்று இரங்குவர். உண்மையில் அது இப்போதுதான் உறங்கி எழுந்தது' என்று முதலாம் பாகம் தொடங்கும். நீளக் காது, அடர்ந்த சாம்பல் உரோமம், சுருட்டி வைக்கும் வால், புல்லும் பாசியும் தின்னும் விதம், நரி வந்தால் ஒன்று விசில் அடிக்க மற்றவை கல்லுக்குள் மறையும் வேகம், எல்லாம் கண்ணால் பார்த்து எழுதியது. ஒரு கூட்டத்தில் இருந்த இருபத்தாறு விஸ்காச்சாக்களுக்கும் பெயர் வைத்திருந்தார். எல்லாம் சொந்தக்காரர் பெயர்கள். சித்தப்பா என்ற விஸ்காச்சா எப்போதும் மற்றவர்களின் பாறையில் போய் உட்காருமாம்.

விஷயம் என்னவென்றால், சனம் அதை வாசித்தது. நினைவு மலரில் வாழ்க்கை வரலாற்றை யாரும் வாசிப்பதில்லை. தங்களுடைய பெயர் நன்றி நவிலலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அப்படிக் கடைசிப் பக்கத்துக்குப் போகிற வழியில் விஸ்காச்சாவில் தடக்கி விழுந்தார்கள். விழுந்தவர்கள் எழும்பவில்லை. மூன்றாம் பாகம் வந்த பிறகு சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்து ஒருவர் அச்சகத்துக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, எங்கடை மாமாவின்ரை மலரிலை நரி பாறைக்குப் பின்னாலை வந்து நிக்குது. அதோடை முடிச்சுப் போட்டியள். பேந்து என்ன நடந்தது?"

"சனிக்கிழமை ஸ்காபரோவிலை ஒரு அந்தியேட்டி கிடக்கு. போனீர் எண்டால் நாலாம் பாகம் எடுக்கலாம்," என்றேன்.

"செத்த ஆளை எனக்குத் தெரியாதே?"

"நரியைத் தெரியுந்தானே. போம்."

போனார். மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டதாகவும் கேள்வி.

எழுத்தாளருக்குப் பெயர் வந்தால் குணமும் மாறும் என்பார்கள். மலைமுயல் மாறவில்லை, ஆனால் அவருடைய தேவை மாறியது. ஒவ்வொரு நாளும் மூன்றரை மணிக்குக் கதவைத் திறந்து, வணக்கம் சொல்வதற்குப் பதிலாக, "எத்தினை பக்கம் மிஞ்சுது?" என்பார். ஒரு இளவேனிற் காலம் முழுக்க ஒருவரும் இறக்கவில்லை. அவர் வந்து வந்து போனார். "சனம் நல்லாச் சாப்பிடுது போலை," என்று ஒருநாள் மிகவும் மனவருத்தத்தோடு சொன்னார்.

அந்தக் காலத்தில்தான் அவர் நோயாளிகளைப் பார்க்கப் போகத் தொடங்கினார். நல்ல மனதோடுதான் போனார் என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். வெறுங்கையோடு போகமாட்டார், தொழிற்சாலையில் இருந்து சுடச்சுடப் பாண் கொண்டுபோவார். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் கதிரையை இழுத்துப் போட்டால் நோயாளிக்குக் குலை நடுங்கும். எங்கள் முதலாளியின் மாமனார், டொக்டர்கள் கைவிட்ட மனுசன், மலைமுயல் வந்து "இப்ப எப்பிடி ஐயா?" என்று கேட்டதும் எழும்பி உட்கார்ந்து, "எனக்கு ஒண்டுமில்லை, நான் நாளைக்கு வீட்டை போறன்," என்றாராம். போனார். பிறகு நெடுங்காலம் இருந்தார்.

இன்னொரு நாள் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்து வந்தவர், விஸ்காச்சாவின் எச்சரிக்கை விசில் எப்படி இருக்கும் என்று விளங்கப்படுத்த ஆசைப்பட்டார். வேண்டாம் என்றேன். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள், சாரதி பிரேக்கை மிதித்துவிட்டார். நின்றுகொண்டிருந்த சனமெல்லாம் முன்னுக்குப் போய்க் குவிந்தது. மலைமுயல் அவர்களைத் திருப்தியோடு பார்த்தார்.

"பாத்தியே தம்பி? இப்பிடித்தான். விசில் கேட்டால் கூட்டமாய் ஒரு பக்கம் ஓடும்."

எங்கள் இரண்டு பேரையும் அடுத்த தரிப்பில் இறக்கிவிட்டார்கள்.

ஒன்பதாம் பாகம்வரை வண்டி இப்படி ஓடியது. ஒன்பதாம் பாகத்தில் நான் குடை சாய்த்தேன்.

இறந்தவர் ஊரில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர். நல்ல குடும்பம், முந்நூறு பிரதி. அப்போதெல்லாம் பக்கங்களைத் தனித்தனியே எடுத்து, பெரிய தாளில் ஒட்டி, பக்க எண்ணைச் சிறு துண்டாக வெட்டித் தனியே ஒட்டவேண்டும். நான் அன்றைக்கு மொன்றியலில் இருந்த ஒரு பெண்ணோடு போனில் கதைத்துக்கொண்டே எண்களை ஒட்டினேன். அந்தப் பெண் இப்போது என் மனைவி. ஆகவே குற்றத்தில் பாதி அவருக்குரியது. ஏழாம் பக்கத்துக்கு முப்பதையும் முப்பதாம் பக்கத்துக்கு ஏழையும் ஒட்டிவிட்டேன். வாழ்க்கை வரலாற்றின் நடுப்பக்கம் விஸ்காச்சாவுக்குப் போனது, விஸ்காச்சாவின் நடுப்பக்கம் வாழ்க்கை வரலாற்றுக்கு வந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை.

கவனித்தது மண்டபத்தில். சாப்பாட்டுக்கு முன் மலரை வெளியிட்டு, அன்னாரின் வரலாற்றை ஒருவர் வாசிப்பது வழக்கம். வாசித்தவர் ரொறன்ரோவின் பிரபல அறிவிப்பாளர். வெண்கலக் குரல். கையில் என்ன தாளைக் கொடுத்தாலும், அது என்னவென்று யோசிக்காமல், சபை உருக வாசிக்கக் கூடியவர்.

"முப்பத்திரண்டு வருடம் நிலைய அதிபராகச் சேவையாற்றி ஓய்வு பெற்ற அன்னார், பிள்ளைகளின் அழைப்பின் பேரில் கனடாவுக்கு வந்து," என்று வாசித்து அடுத்த பக்கத்துக்குப் போனார். "காலையில் வெயில் விழுந்ததும் உயரமான இடமொன்றில் ஏறி அமர்ந்து, கண்களைப் பாதி மூடியபடி மணிக்கணக்காக அசையாமல் இருப்பார்."

தாளில் 'இருக்கும்' என்றுதான் இருந்தது. அனுபவசாலி அல்லவா, மரியாதையைத் தானாகவே சேர்த்துவிட்டார்.

சபையில் ஒரு சலனமும் இல்லை. சிலர் ஆமென்று தலையாட்டினார்கள்.

"தானாக இருப்பிடம் அமைக்கத் தெரியாதவர். ஏற்கனவே இருக்கும் இடத்தில் புகுந்து குடியிருப்பார்."

முன்வரிசையில் மருமகள் குனிந்து சீலைத் தலைப்பைச் சரிசெய்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஆபத்து வருவதைக் கண்டால் கூரிய விசில் அடித்து அனைவரையும் எச்சரிப்பார்."

ஊரில் அவரோடு வேலை செய்த முதியவர் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

"காதுகள் நீளமானவை. ஓரங்களில் உரோமம் வளர்ந்திருக்கும்."

எல்லோரும் மேடையில் இருந்த படத்தைப் பார்த்தார்கள். உண்மைதான்.

"உடல் முழுவதும் அடர்ந்த, மென்மையான, சாம்பல்நிற உரோமம் கொண்டவர். நீண்ட வாலின் நுனி..." அறிவிப்பாளர் அங்கேதான் நின்றார். முப்பது வருட அனுபவத்தில் அவர் முதன்முறையாகத் தான் வாசிப்பதைத் தானே கேட்டிருக்க வேண்டும்.

பின்வரிசையில் இருந்து ஒரு குரல் எழும்பியது. தன்னுடைய எழுத்து வெளியாகும் எந்த அந்தியேட்டியையும் தவறவிடாதவரின் குரல்.

"உது அவர் இல்லை! உது விஸ்காச்சா!"

"ஆர்?" என்றார் ஒருவர்.

"மலைமுயலாம்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"முயல் இல்லை!" என்று கத்தினார் மலைமுயல்.

அதற்குப் பிறகு மண்டபத்தில் நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. சிலர் மற்றப் பக்கத்தையும் தேடி எடுத்துவிட்டார்கள். அங்கே, கூட்டமாகப் பாறைகளில் வாழும் மலை விஸ்காச்சா, பேரப்பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்து, ஓய்வு பெற்ற புகையிரத ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, அதன் போசகராகத் தெரிவாகியிருந்தது.

அடுத்த நாள் மூத்த மகன் மிசிசாகாவில் இருந்து காரில் வந்தார். வந்த வேகத்துக்குக் கார் நிற்க முதலே அவர் இறங்கியிருப்பார். "என்ரை அப்பாவை மிருகமாக்கிப் போட்டியள்," என்று மலரை மேசையில் எறிந்தார். முதலாளி கைகூப்பினார், முழுவதையும் திருத்தி அடித்துத் தருவதாகச் சொன்னார். பிறகு, என்னைப் பார்க்காமல், "உந்த மலைமுயலாலை வந்த வினை. இனி அவன்ரை ஒரு எழுத்தும் இஞ்சை ஏறாது," என்றார். தவறு என்னுடையது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயம். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மலைமுயல் வருவதை நிறுத்திவிட்டார். மூன்றரை மணிக்குக் கதவு திறக்கவில்லை. மிஞ்சிய பக்கங்களை முதலாளி மறுபடியும் நீரிழிவால் நிரப்பினார். இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் பஸ் ஏறும் தரிப்பில் போய் நின்றேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"நம்பர் மாறினதுக்கு ஏன் தம்பி மன்னிப்பு? ஆருக்கும் மாறும்," என்றார். "பத்தாம் பாகம்தான் நிண்டு போச்சு. அதுதான் குட்டி போடுற பாகம். மற்ற எலிச் சாதியைப் போலை பத்துப் பன்னிரண்டு போடாது. நாலு மாதத்துக்கு மேலை சுமந்து ஒண்டே ஒண்டு. பிறக்கேக்கையே கண் திறந்திருக்கும், உடம்பு முழுக்க மயிர் இருக்கும். அண்டைக்கே புல்லுக் கடிக்கும். வந்த அண்டைக்கே தன்ரை அலுவலைத் தான் பாக்கத் துவங்கிடும். எங்கடை சனம் எயாப்போட்டிலை வந்து இறங்கினது போலை."

"அது அச்சிலை வராட்டில் என்ன அண்ணை, கொப்பி இருக்குத்தானே?" என்று ஆறுதல் சொல்லப் பார்த்தேன்.

"தம்பி, அந்தப் பதினாலு மாதமும் எனக்குப் பேரில்லை. ஒரு கடிதம் இல்லை, ஒரு படம் இல்லை. நான் செத்துப் போனன் எண்டு வீட்டிலை நினைச்சவை. அந்த நாளெல்லாம் நான் உயிரோடை இருந்தனான் எண்டதுக்கு என்னட்டை இருக்கிற ஒரே அத்தாட்சி, நான் கண்ட விஸ்காச்சாதான். அதை முழுசாய் ஒருக்கா அச்சிலை பாக்க வேணும் போலை கிடந்தது. வேறை ஒண்டுமில்லை."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அதுவரை அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் அச்சகக் கதவு திறந்தது. வந்தது ஸ்ரேசன் மாஸ்ரரின் மனைவி, எங்களுக்கெல்லாம் அன்ரி. பின்னால் மூத்த மகன், பல்லுப் பிடுங்கக் கூட்டிவந்த பிள்ளையின் முகத்தோடு. அன்ரியின் கையில் அந்த மலர். திருத்தி அடித்தது அல்ல, பழையது. முதலாளி எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"உதிலை ஒரு பிழை கிடக்கு," என்றார் அன்ரி.

"ஓம் அன்ரி, அது அண்டைக்கே..."

"புல்லுத் தின்பார் எண்டு கிடக்கு. என்ரை மனுசன் கீரையே தொடமாட்டார். மற்றதெல்லாம் சரி." அன்ரி கதிரையில் அமர்ந்தார். "உதை எழுதின பொடியன் எங்கை?"

நான் போன் எடுத்தேன். பாண் தொழிற்சாலை அடுத்த வீதிதான். மலைமுயல் வந்து, தொப்பியைக் கழற்றி, அடி வாங்க வந்தவர் போலக் கதவோடு நின்றார்.

"இஞ்சை வா தம்பி. நீ என்ரை மனுசனை எங்கை கண்டனீ?"

"நான் ஐயாவைக் காணேல்லை அன்ரி. நான் கண்டது விஸ்காச்சாவை."

"கனடாவுக்கு வந்து ஏழு வருசம் அவர் பல்கனியிலைதான் இருந்தவர். வெயில் வந்தால் வெளியிலை போய்க் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு இருப்பார். என்ன யோசிக்கிறியள் எண்டு கேட்டால் ஒண்டுமில்லை எண்டுவார். பிள்ளையள் எழுதின வரலாற்றிலை எந்தெந்த ஸ்ரேசனிலை நிண்டவர் எண்டு கிடக்கு. அது எனக்கு எதுக்கு? அவர் இருந்த மாதிரி உன்ரை பக்கத்திலைதான் கிடக்கு. நான் ஒவ்வொரு நாளும் அதைத்தான் எடுத்துப் பாக்கிறன்." அன்ரி முதலாளி பக்கம் திரும்பினார். "வருசம் முடியிற ஆட்டைத் திவசத்துக்கு ஒரு புத்தகம் அடிக்க வேணும். அட்டையிலை அவரின்ரை படம். உள்ளுக்கு இந்தத் தம்பி எழுதினது முழுக்க. தொடக்கத்திலை இருந்து முடிவுமட்டும்."

"அம்மா, சனம் சிரிக்கும்," என்றார் மகன்.

"சனம் சிரிச்சு முடிச்சிட்டுது. இனி வாசிக்கட்டும்."

மலைமுயல் கழற்றிய தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். விஸ்காச்சா என்று யாராவது தும்மினாலே ஒரு மணித்தியாலம் கதைக்கிற மனிதர். அன்ரி மலரை மடியில் வைத்து, அதன் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். சோடியிலை ஒண்டு செத்துப் போனால், மற்றது என்ன செய்யும்?"

அச்சகத்தில் இயந்திரம் ஓடவில்லை. முதலாளி தாள்களை அடுக்குவது போலப் பாவனை செய்தார். மலைமுயல் சிறிது நேரம் நிலத்தைப் பார்த்தார்.

"மூண்டு நாள் வெளியிலை வராது அன்ரி," என்றார் மெதுவாக. "நாலாம் நாள் வரும். ஆனால் பழைய பாறைக்குப் போகாது. வேறை ஒரு பாறையிலை தனிய இருக்கும். பேந்து மற்றதுகள் ஒவ்வொண்டாய் வந்து, அந்தப் பாறையிலை அதுக்குப் பக்கத்திலை இருக்கும். ஒண்டும் செய்யாது, சும்மா வந்து இருக்கும். கொஞ்ச நாளையாலை அதுதான் எல்லாரும் கூடுற பாறையாய்ப் போகும்."

"நீ கண்டனியோ?"

"என்ரை கண்ணாலை கண்டனான்."

அன்ரி தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றிச் சீலையால் துடைத்துப் போட்டுக்கொண்டு, மகனைப் பார்த்து, "வா போவம். வழியிலை உன்ரை மாமி வீட்டையும் ஒருக்கா நிப்பாட்டு," என்றார். அந்தியேட்டிக்குப் பிறகு அவர் ஒருவர் வீட்டுக்கும் போனதில்லை என்று மகன் வெளியே போகும்போது முதலாளியிடம் சொன்னார்.

புத்தகத்தை நானே எழுத்துக் கோத்தேன். மலர்களில் மூன்று பக்கத்துக்குள் அடக்கச் சுருக்கியதையும் சேர்த்து, பத்துக் கொப்பியையும் ஒரு வரி விடாமல் தட்டினேன். பக்க எண்களை ஒட்டும்போது போனைக் கழற்றி வைத்தேன். நூற்றி எட்டுப் பக்கம். நான்கு நான்காகச் சரியாக வந்தது, ஒரு பக்கமும் மிஞ்சவில்லை. அச்சான முதல் பிரதியை மலைமுயலின் கையில் கொடுத்தபோது அவர் அதை விரிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில், "முப்பத்தாறாம் பக்கத்திலை வாலுக்குத் துணைக்கால் விட்டிட்டியோ எண்டு பயமாய்க் கிடக்கு," என்றார். விடவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தட்டும்போதே கவனித்தது. அவர் தலையைக் குனிந்து பக்கங்களைப் புரட்டத் தொடங்கியபோது கேட்டேன்.

"அண்ணை, அன்ரிக்குச் சொன்னீங்களே, சோடி செத்தால் மற்றதுகள் வந்து பக்கத்திலை இருக்கும் எண்டு. பத்துக் கொப்பியும் தேடினன். அது ஒரு இடத்திலையும் இல்லையே. ஏன் விட்டிட்டியள்?"

மலைமுயல் தலையை நிமிர்த்தவில்லை.

"காணாததை எப்பிடித் தம்பி அச்சிலை போடுறது?" என்றார்.

முயல் என்று சொன்ன ஒரு வாயையும் திருத்தாமல் விட்டவரல்ல அவர். அந்த மனிதரை நான் அன்றைக்கு நேசித்த அளவுக்கு, அதற்குப் பிறகு எழுதுகிற ஒருவரையும் நேசித்ததில்லை.